ஜன்னலோர ஜெரேனியம்

மலை மேல் பனிக்கொம்பு என்று ஓர் ஊர். அந்த ஊர்ப் பூங்காவில் முட்டாள்கள் யாரும் கிடையாது. அங்கே வேலை பார்த்த மூன்று பேருமே அப்படித்தான் சொன்னார்கள். அவர்களைவிட நமக்கு என்ன தெரியும்?

மூவரில் மூத்தவர் பொன்னுரங்கம். பதினோரு வருஷமாகத் தற்காலிகத் தோட்டக்காரர். ‘நிரந்தரம்’ என்று யாராவது சொன்னாலே பாவம், அவருக்குக் கண் கலங்கிவிடும். அடுத்தவன் சடையாண்டி, அவர் மனைவியின் தம்பி. மூன்றாவது அருளப்பன். எட்டாம் வகுப்பை மூன்று தடவை படித்தவர் என்பதால், படிப்பு சம்பந்தமான எதற்கும் அவர் சொல்வதுதான் முடிவு.

ஐப்பசி மாதம், பூங்கா மேலாளர் மரகதவல்லி மகளின் பிரசவத்துக்காகக் கோயமுத்தூர் கிளம்பினார். கிளம்பும்போது, தான் ஆசையாக வளர்த்த ஜெரேனியம் தொட்டியைப் பொன்னுரங்கத்தின் கையில் கொடுத்தார்.

"தினமும் ஆறு மணி நேரம் வெயில் படணும். மண்ணு காய்ஞ்சாத்தான் தண்ணி. இலை கமகமன்னு இருக்கும், கொசு அண்டாது. நான் திரும்பி வர்றப்ப இது பூத்திருந்தா, உங்களை நிரந்தரம் பண்ணச் சொல்லி மேலிடத்துக்கு எழுதிடறேன்."

"உசிரா பாத்துக்கறனுங்கம்மா" என்றார் பொன்னுரங்கம். சொன்னதைச் செய்யும் மனுஷர். சொன்னதை மட்டும்தான் செய்வார், அதுதான் சங்கடம்.

மறுநாளே மலையை மேகம் மூடிக்கொண்டது. இரண்டு நாள் பார்த்தார்கள். சூரியன் எட்டிப் பார்ப்பதாக இல்லை.

"சூரியன் இங்க வரலீன்னா நாம அங்க போக வேண்டியதுதானுங்களே மாமா?" என்றான் சடையாண்டி.

அன்று முதல் ஜெரேனியம் தினமும் காலை ஏழு மணி பஸ்ஸில் மலையிறங்கியது. வெயில் படவேண்டும் என்பதால் ஜன்னலோர இருக்கை, அதற்கென்று தனி டிக்கெட். அடிவார பஸ் நிலையத்தில் ஆறு மணி நேரம் காய்ந்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் ஊர் திரும்பும். மண் காயும் அந்த நிமிஷத்தைத் தவறவிடக் கூடாதே என்று சடையாண்டி ஆள்காட்டி விரலை மண்ணில் செருகியபடியே கூடப் போனான்.

அடுத்து கொசு விஷயம். பனிக்கொம்பின் குளிரில் கொசு கிடையாது. "கொசுவே இல்லாத ஊர்ல கொசு அண்டலைன்னா அது செடியோட பெருமையா?" என்று கேட்டார் அருளப்பன். நியாயமான கேள்விதான். அடிவாரச் சாக்கடையில் ஒரு பாட்டில் கொசு பிடித்து வந்து, பொன்னுரங்கம் வீட்டில் செடியோடு கதவைச் சாத்திக்கொண்டு பாட்டிலைத் திறந்துவிட்டார்கள். விடிந்ததும் மூன்று பேர் முகமும் பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. அருளப்பன் செடியை இலை இலையாகப் புரட்டிப் பார்த்தார்.

"ஒரு கடி இல்ல! அம்மா சொன்னது அச்சர சுத்தம்."

என்ன சொன்னாலும் செடி ஜம்மென்று வளர்ந்தது. பதினெட்டாம் நாள் கொத்துக் கொத்தாகப் பூத்துவிட்டது. அன்று கூடப் போயிருந்த பொன்னுரங்கம் பஸ்ஸிலேயே அழுதார்.

அப்போது பக்கத்து இருக்கையில் இருந்த தாவரவியல் பேராசிரியர் ஒருவர் தொட்டியை உற்றுப் பார்த்தார்.

"ஜெரேனியமுங்க" என்றார் பொன்னுரங்கம் பெருமையாக.

"ஊரே அப்படித்தான் சொல்லுது. ஆனா இது ஜெரேனியம் இல்லைங்க, பெலர்கோனியம். ரெண்டுக்கும் காய் நாரை அலகு மாதிரி நீளமாத்தான் இருக்கும். பூவைப் பாருங்க. அசல் ஜெரேனியத்துல அஞ்சு இதழும் ஒரே அச்சு. இதுல மேல ரெண்டு ஒரு மாதிரி, கீழ மூணு வேற மாதிரி."

எண்ணிப் பார்த்தார்கள். மேலே இரண்டு, கீழே மூன்று. பொன்னுரங்கம் அலறினார்.

"மாத்திட்டானுகடா!"

அன்று பூங்காவில் விசாரணை நடந்தது.

"மாப்ளே, நீ பஸ்ல தூங்கினயா?"

"தூங்கினனுங்க மாமா. ஆனா விரலை எடுக்கல."

"தூங்கறப்ப கண்ணை மூடினயா?"

"மூடித்தானுங்க தூங்கினேன்."

"அங்கதான் கோட்டை விட்டுட்ட!"

அருளப்பன் தொட்டியைத் தட்டிப் பார்த்தார். "தொட்டி அதே தொட்டி. மண்ணு அதே மண்ணு. உள்ள இருந்த விரல்கூட அதே விரல். செடியை மட்டும் மாத்தியிருக்கான். லேசுப்பட்ட திருடன் இல்ல."

மேலாளர் மறுநாள் வருகிறார். ராத்திரி முழுக்க யோசித்து அருளப்பன் வழி சொன்னார். திருடனின் செடியைத் திருடனுக்கே அனுப்பிவிடுவது. தன் பொருள் தன்னிடம் வந்துவிட்டால் அவன் நம் பொருளைக் கொடுத்துத்தானே ஆகவேண்டும்? விடிந்ததும் பூத்துக் குலுங்கிய தொட்டியை ஜன்னலோரம் உட்காரவைத்து, டிக்கெட்டை இலையிடுக்கில் செருகி, தனியாக வழியனுப்பினார்கள்.

சாயங்காலம் மூவரும் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தார்கள். பஸ் வந்தது. முதலில் இறங்கியவர் மரகதவல்லி. அவர் இடுப்பில் அந்தத் தொட்டி இருந்தது.

"என் செடி பஸ்ல தனியா என்னய்யா பண்ணுது?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திருடன் யாரென்று தெரிந்துவிட்டது. பொன்னுரங்கத்துக்கு நெஞ்சே வெடித்துவிடும் போலிருந்தது. பதினோரு வருஷம் தெய்வமாக நினைத்த அம்மா!

"நாங்க வெளிய சொல்ல மாட்டமுங்க" என்றார். "எங்க ஜெரேனியத்தை மட்டும் குடுத்துடுங்க."

மரகதவல்லிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பேரன் பிறந்த சந்தோஷத்தில் இருந்தார். செடியும் பூத்திருந்தது. கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். "இந்தாங்க பொன்னுரங்கம். எப்படியும் பூத்துடும்னு நம்பி நான் முன்னாடியே எழுதிட்டேன், மேலிடத்துல பாஸாயிருச்சு. இன்னிலேர்ந்து நீங்க நிரந்தரம்."

பொன்னுரங்கம் கடிதத்தைப் பார்த்தார். அந்தச் சொல் அதில் தெளிவாக அச்சாகியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதை மடித்து அவர் கையிலேயே திருப்பி வைத்தார்.

"லஞ்சம் குடுத்து எங்க வாயை அடைக்க முடியாதுங்கம்மா."