பொன்விழா நாளில் அடித்த சாவு மணி

இது நிதானமாகப் படிக்கிறவர்களுக்கான கதை. பாதியிலேயே கடைசிப் பத்திக்குத் தாவி விடையைப் பார்க்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு விடையும் புரியாது, கதையும் மிஞ்சாது.

செங்காட்டுப்பட்டியில் பிலவேந்திரர் சாமி பங்குத்தந்தையாகி நாற்பத்தோரு ஆண்டுகள். மூன்று ஆயர்கள் அவருக்கு மாற்றல் உத்தரவு அனுப்பினார்கள். மூன்று முறையும் ஊர்ப் பெண்கள் ஆயர் இல்லத்து வாசலில் போய் உட்கார்ந்து உத்தரவைத் திரும்பப் பெறவைத்தார்கள். ஊரின் பள்ளிக்கூடம், மருந்தகம், கண்மாய் மடை, காலைப் பேருந்து எல்லாம் அவர் அலைந்து கொண்டுவந்தவை. ஆனால் அவர் பெயர் பரவியது சண்டை தீர்க்கும் முறையால். ஆயுளுக்கும் சத்தியம் கேட்டால் மனிதன் மறுநாளே மீறுவான் என்பது அவர் கருத்து. ஆகவே, "நான் உயிரோட இருக்குற வரைக்கும் மட்டும் சொல்லு, போதும்" என்பார். சாமிக்கு நோஞ்சான் உடம்பு. எல்லோரும் தைரியமாகச் சத்தியம் செய்தார்கள். இப்போது அவருக்கு வயது எழுபத்தெட்டு.

அப்படிச் சத்தியம் செய்தவர்களில் சந்தியாகுவும் அவன் மனைவி அமலோற்பவமும் உண்டு. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அவன் குடியால் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சாமி இருவரையும் பீடத்துக்கு முன் நிறுத்தினார். அவர் உயிரோடு இருக்கும்வரை குடிப்பதில்லை என்று அவன் சொன்னான். அவர் உயிரோடு இருக்கும்வரை அவன் வாயை முகர்ந்து பார்ப்பதில்லை, அவன் ஒளித்து வைத்ததைத் தேடுவதில்லை என்று அவள் சொன்னாள். அவன் குடித்தால் அண்ணன் வீடுதான், பிறகு திரும்பி வரமாட்டேன் என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

சாமி குருவாகி ஐம்பது ஆண்டு நிறையும் பொன்விழா நாள் வந்தது. ஆர்வம் தாங்காமல் விடியும் முன்பே எழுந்து, சரிகை வைத்த புதுப் பூசை உடுப்பைப் போட்டுக்கொண்டார். முதுகு வலித்தது. உடுப்பு கசங்காதபடி கட்டிலில் நேராக மல்லாந்து, ஜெபமாலை பிடித்த கைகளை மார்பில் வைத்துக் கண்ணயர்ந்தார். காதுக் கருவி மேசைமேல் இருந்தது.

ஐந்தரை மணிக்கு அவரை அழைக்க வந்த, மணியடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை இராயப்பன் சன்னல் வழியே பார்த்தார். இறந்த குருவானவரைப் பூசை உடுப்பு அணிவித்து, கையில் ஜெபமாலை சுற்றிக் கிடத்துவது வழக்கம். இராயப்பன் தம் காலத்தில் இரண்டு பேரை அப்படிக் கிடத்தியவர். மூன்று முறை கூப்பிட்டார். பதில் இல்லை. ஓடிப்போய்ச் சாவு மணி அடித்தார்.

முதல் மணிக்கே அமலோற்பவம் தலைமுடியைக்கூட முடியாமல் கோயிலுக்கு ஓடினாள். ஊரே ஓடியது. பொன்விழாவுக்குக் கட்டிய மாலைகளையே கையில் எடுத்து வந்தார்கள். அவற்றைக் கழுத்தில் போடுவதா காலடியில் வைப்பதா என்று தெரியவில்லை. வாழ்த்துப் பாட்டுக்கு வந்த பேண்டுக்காரர்கள் எதை வாசிப்பது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அந்த நேரத்தில் சாமி கதவைத் திறந்து, "பூசைக்கு மணி அடிச்சாச்சா?" என்றார். இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள்.

ஆறேகாலுக்குச் சந்தியாகு வந்தான். தள்ளாடியபடி, எல்லோரையும்விடப் பலமாக அழுதுகொண்டு வந்தான். சாமியைக் கண்டதும் அழுகை நின்றது. மதுக்கடை திறப்பது பகல் பன்னிரண்டுக்கு என்பதைப் படிப்பவர்கள் நினைவில் வைக்கவும்.

"குதிருக்குப் பின்னாடி சாக்குல சுத்தி வச்சிருந்ததைத்தானே குடிச்சே?" என்றாள் அமலோற்பவம்.

அவன் தலை குனிந்தான். "சாமி போயிட்டாருன்னு நெனச்சேன், அமலு. துக்கம் தாங்கல."

"துக்கமா? இருவத்திரண்டு வருசமா இவரு எப்போ போவாருன்னுல்ல இருந்திருக்கே! பத்து மணி பஸ்ஸுக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன், சாமி. பேச்சு அம்புட்டுத்தான்."

"தப்பு எம்மேலதான், தாயி" என்றார் இராயப்பன். "மணி அடிச்சது நான். அந்தாளு என்ன பண்ணுவான்?"

"தொட்டுப் பாக்க வேண்டியதுதானே?" என்றார் சாமி.

"செபம் சொல்ற உபதேசியார் வராம குருவானவர் உடம்பை நான் எப்படித் தொடுவேன், சாமி?"

மூவரும் தீர்ப்புக்காகச் சாமியைப் பார்த்தார்கள். "நான் செத்தேனா இல்லையான்னு எங்கிட்டயே கேக்குறீங்களா?" என்று அவர் குழம்பிப்போய்ப் படியில் உட்கார்ந்தார். பேருந்துக்கு இன்னும் மூன்றரை மணி நேரம் இருந்தது.

அறிந்தே தவறாக மணி அடித்தவர் யாருமில்லை. மணியை நம்பிக் குடித்தான் ஒருவன். சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு கிளம்புகிறாள் ஒருத்தி. வாசகரே, இவர்களில் சத்தியத்தைத் தெரிந்தே மீறியவர் யார்?

விடை: அமலோற்பவம். சத்தியத்தைச் சாமியின் உயிரோடு கட்டினார்கள், மணியோடு அல்ல. ஆகவே சந்தியாகுவும் மீறினான்தான், ஆனால் அறியாமல். அவளோ முதல் மணிக்கே கோயிலுக்கு வந்தவள், பிறகு வீட்டுப் பக்கம் போகவில்லை. பாட்டில் குதிருக்குப் பின்னால் சாக்கில் இருந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? சாமி அதைத்தான் கேட்டார். "வாராவாரம் பாப்பேன், சாமி. மூடி தெறக்காம இருக்கான்னு" என்றாள். சத்தியத்துக்கு முந்தின நாள் அவன் வாங்கிய பாட்டில் அது. அவனுக்குக் கொட்ட மனம் வரவில்லை, திறக்கவும் இல்லை. "தெரிஞ்சுமா கொட்டாம வச்சிருந்தே?" என்று அவன் கேட்டான். "கொட்டினா நான் தேடுனது ஒனக்குத் தெரிஞ்சிருமே" என்றாள். பத்து மணிப் பேருந்து அவள் இல்லாமலே போயிற்று. மீதி முக்கால் பாட்டில் மறுபடி குதிருக்குப் பின்னால் போய்விட்டது. இப்போது அதன்மேல் நல்ல தூசி படிந்திருக்கிறதாம். யார் பார்த்துச் சொன்னது என்று நான் கேட்கவில்லை.