புள்ளி இல்லாத பெரணி

கேள்வியோடு வருகிறவர்களுக்கு லோகாம்பிகை அம்மா உடனே பதில் சொல்வதில்லை. ஏதாவது ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிடுவார். இரண்டு நாள் பாத்திரம் தேய்த்துவிட்டு, வந்த கேள்வியையே மறந்து பஸ் ஏறியவர்களும் உண்டு. கோத்தகிரி மலைச்சாலையில் பாதி வழியில் இருந்த அந்தச் சின்ன ஆசிரமம் இப்படித்தான் கூலி கொடுக்காமல் நடக்கிறது என்று வேண்டாதவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

திருப்பூர் சென்னியப்பன் அப்படி மறந்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தைத்து முடித்த பனியனை டியூப் லைட்டுக்கு அடியில் விரித்து, உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, விட்டுப்போன தையல் என்று கண்டுபிடித்து ஒதுக்குகிற வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். அவர் பார்த்து அனுப்பிய சரக்கு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று முதலாளியே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார்.

அறுபத்து நாலு வயதில், நாற்பதைத் தாண்டியிராத ஒரு பெண்மணியிடம் போய் ஞானம் கேட்கப் போகிறாரா என்று மச்சினர் கிண்டல் செய்தார். சென்னியப்பன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகள் சுகந்தியையும் கூட்டிக்கொண்டு ஐப்பசி பிறந்ததும் மலையேறிவிட்டார். அவளுக்கு முப்பத்தொரு வயது. கிளம்பு என்றார், கிளம்பினாள். எங்கே என்று அவள் கேட்கவில்லை.

அம்மா சமையற்கட்டு வாசலில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். சென்னியப்பன் எதிரில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார்.

"ஏனுங்கம்மா, எம் பொண்ணுக்கு என்ன கொறைன்னு எனக்குத் தெரியலீங்க."

"என்ன பண்றா?"

"ஒண்ணும் பண்றதில்லீங்க. அதானுங்க கொறை."

பிறகு எல்லாவற்றையும் கொட்டினார். சாப்பிட என்ன வேண்டும் என்றால், நீங்கள் சொல்வது என்பாள். எந்தச் சேலை என்றால், நீங்கள் எடுப்பது என்பாள். மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கடைசியாக வந்தவர் அவிநாசியில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர், தங்கமான மனுஷன். அவளிடம் தனியாகப் பேசிவிட்டு வெளியே வந்தவர், "உங்களையே கட்டிக்கிட்ட மாதிரி இருக்குமுங்க மாமா" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

"கோவிச்சுக்கிட்டாப் பரவால்லீங்க. எதுத்துப் பேசுனாக்கூடப் பரவால்லீங்க. ஒண்ணுமே இல்லீங்க. தை மாசம் எனக்கு நெஞ்சு ஆபரேஷனுங்க. நான் இல்லாமப் போயிட்டா, பசிக்குதுன்னு சொல்றதுக்குக்கூட அவளுக்கு ஒரு ஆள் வேணுமுங்க. அவளா ஒண்ணு வேணும்னு கேக்கோணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்கம்மா."

அம்மா பீன்ஸ் நாரைக் கிழித்துக்கொண்டே, எப்படி வளர்த்தீர்கள் என்று கேட்டார்.

அதைச் சொல்லும்போது மட்டும் சென்னியப்பனின் முதுகு நிமிர்ந்தது. சுகந்திக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவர் மனைவி இறந்துவிட்டாள். தாயில்லாப் பிள்ளையை வளர்த்த லட்சணத்தைப் பார் என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வந்துவிடக் கூடாது. அது ஒன்றுதான் அவருக்கு அப்போதிருந்த பயம். இடது கையால் எழுதினாள், மாற்றினார். நாலு பேர் இருக்கும்போது சத்தமாகச் சிரிப்பாள், அதையும் நிறுத்தினார். தெருப் பிள்ளைகளோடு பாண்டி ஆடப் போனால் வாய்த்துடுக்குக் கற்றுக்கொள்வாள் என்று அதுவும் நின்றது. எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பாள். அந்தப் பழக்கம் போவதற்குத்தான் கொஞ்சம் வருஷம் பிடித்தது. அடித்ததே இல்லை. அவர் ஒரு பார்வை பார்த்தாலே போதும். பெண்கள் கல்லூரிக்கு அனுப்பிப் பட்டமும் வாங்க வைத்தார். இன்றுவரை அவளைப் பற்றி ஒருத்தர் ஒரு குற்றம் சொன்னதில்லை.

அவர் பாசக்காரர்தான். அதில் யாரும் சந்தேகப்பட வேண்டாம். பாசம் இல்லாதவர் கையில் அகப்பட்டிருந்தால் அந்தப் பெண் எங்கேயாவது தப்பித்திருப்பாள்.

அம்மா எழுந்து முன்னால் நடந்தார். பலா மரத்து நிழலில், ஒரு பாறையை ஒட்டி, பெரணிப் பாத்தி இருந்தது. கல்யாணத்தில் கொடுக்கும் பூச்செண்டில் ரோஜாவுக்குப் பின்னால் விசிறி மாதிரி ஒரு பச்சை இலை வைப்பார்களே, அதே இனம்தான். பூக்காது. இலைக்காகவே வளர்ப்பது.

"இதை இனிமே நீங்க பாத்துக்குங்க. பொண்ணை எப்படி வளர்த்தீங்களோ, அப்படியே வளருங்க."

"எனக்குச் செடி பத்தியெல்லாம் தெரியாதுங்களே."

"சந்தேகம் வந்தா கேளுங்க. இங்க யாரை வேணாலும் கேக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். பீன்ஸ் உரிக்கப் போய்விட்டார்.

சென்னியப்பன் வேலை என்று வந்துவிட்டால் விடமாட்டார். ஒரே வாரத்தில் அந்தச் செடியின் குணம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. நேர்வெயில் ஆகாது, இலையின் ஓரம் கருகிவிடும். ஈரம் எப்போதும் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். பலா மரத்தின் கிளை ஒன்று காற்றில் முறிந்து, பாத்தியின் ஒரு மூலையில் வெயில் விழுந்தபோது, அன்றைக்கே நாலு குச்சி நட்டுத் தென்னோலை கட்டினார். மக்கிய இலையைச் சலித்து எடுத்து அடியில் போட்டார். புதுத் தளிர் சுருண்டுகொண்டு மேலே வரும்போது விரல் பட்டால் ஒடிந்துவிடும் என்று அந்தப் பக்கம் நாய்கூடப் போக விடவில்லை. சுகந்தி குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஊற்று என்றால் ஊற்றினாள், போதும் என்றால் நிறுத்தினாள்.

பாத்தி தளதளவென்று எழுந்தது. ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் சென்னியப்பனின் கை பழைய பழக்கத்தில் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தது. அடிப்பக்கம் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். இன்னொரு இலையைத் திருப்பினார். அதிலும் இருந்தன. முற்றிய இலைகள் எல்லாவற்றிலும் இருந்தன. நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் தையல் போட்ட மாதிரி வரிசையாக இருந்தன. ஆயுசு முழுக்கத் தையலைப் பார்த்த மனுஷனுக்கு அது தையலாகத் தெரியவில்லை. கறையாகத்தான் தெரிந்தது.

நல்லவேளை, நம் கண்ணில் பட்டதே என்று நினைத்துக்கொண்டார்.

பையில் பனியன் துணி இருந்தது. பேசனில் சோப்புத் தண்ணீர் கலந்து சுகந்தியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். துணியை நனைத்துப் பிழிந்து, ஒவ்வோர் இலையாகத் திருப்பி, அடியில் கையைக் கொடுத்து, இலை மடங்காமல் துடைத்தார். துணிக்கு வராத புள்ளியைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். ரொம்பவும் அடர்ந்திருந்த இலைகளை அடியோடு வெட்டி, மற்றவற்றுக்குத் தொற்றிவிடாமல் தூரத்தில் குழி தோண்டிப் புதைத்தார்.

நாளுக்கு ஒரு வரிசையாக நடந்தது அந்த வேலை. அவருக்கு அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. மகளோடு இவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கம்பெனிக் கதை, அவள் அம்மாவின் சமையல், ஊர் வம்பு என்று அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே துடைத்தார். அவள் பேசனைப் பிடித்துக்கொண்டு உம் கொட்டினாள்.

"எப்படித் துப்புரவா இருக்குது பாத்தியா கண்ணு?"

"ஆமாங்கப்பா."

லோகாம்பிகை அம்மா தினமும் அந்த வழியாகத்தான் கிணற்றுக்குப் போவார். சில நாள் நின்று பார்ப்பார். பார்த்துவிட்டுப் போய்விடுவார். இந்த இடத்தில் அம்மா மேல் நமக்கே கோபம் வரும். வரட்டும், தப்பில்லை.

கார்த்திகை பாதியில் வேலை முடிந்தது. சென்னியப்பன் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டுவந்தார். அம்மா குனிந்து ஓர் இலையைத் திருப்பினார். வெறும் பச்சை. இன்னொன்றையும் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுகூட விடலை போலிருக்கே மாஸ்டர்."

"விடுவனுங்களா?" சென்னியப்பனுக்கு வாயெல்லாம் பல்லாக இருந்தது.

அம்மா அவரைக் கிணற்றடிக்கு அழைத்துக்கொண்டு போனார். அப்பா வா என்றதால் சுகந்தியும் பேசனோடு பின்னால் வந்தாள். கிணற்றுச் சுவரின் இடுக்கில், யாரும் நடாமல், யாரும் கவனிக்காமல், ஒரு பெரணி தொங்கிக்கொண்டிருந்தது. ஓரமெல்லாம் கிழிந்த இலை. அம்மா அதில் ஒன்றைப் பறித்து, சென்னியப்பனின் கையை விரிக்கச் சொல்லி, இலையைத் தட்டினார். உள்ளங்கையில் பழுப்பாகத் தூள் விழுந்தது.

"இது என்னங்க?"

"விதைன்னு வச்சுக்குங்க."

கிணற்றை ஒட்டி ஓர் அகலத் தட்டில் தண்ணீர் விட்டு, அதில் செங்கல் துண்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். செங்கல்லின் மேல் சின்னச் சின்னதாகப் பச்சைச் செதில்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றிரண்டில் மட்டும் நூல் மாதிரி ஓர் இலை தலைகாட்டியிருந்தது.

"போன வருஷம் உங்க பாத்தியில எடுத்துத் தூவினது. இது பூக்காது, காய்க்காது. அந்தப் புள்ளி வழியாத்தான் இதுக்குக் குட்டி."

சென்னியப்பன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். தூள் வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டது. பேச்சு கோபமாக வந்தது.

"தெனமும் அந்த வழியாத்தானுங்க போனீங்க. பாத்துட்டுத்தான் போனீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே."

"சொல்லியிருக்கலாம்."

"அப்புறம் ஏனுங்க சொல்லலை?"

"பாத்துக்கிட்டு இருந்தது நான் மட்டும்தானா?"

சென்னியப்பனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு மெதுவாக மகள் பக்கம் பார்த்தார்.

"கண்ணு, இது உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்கப்பா."

"எப்படித் தெரியும்?"

"காலேஜ்ல படிச்சனுங்கப்பா."

அவள் படித்தது தாவரவியல். சீட் கிடைத்த பாடம் அதுதான் என்று அவர்தான் சேர்த்துவிட்டார். மூன்று வருஷமும் தவறாமல் பணம் கட்டினார். அந்தப் புத்தகங்களில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"மொத நாளே தெரியுமா?"

"ஆமாங்கப்பா."

"தெரிஞ்சுமா இத்தன நாளும் பேசனைப் புடிச்சுட்டு நின்னே?"

சுகந்தி யோசித்தாள். அவள் முகத்தில் கோபமோ குத்தலோ எதுவும் இல்லை. அது இருந்திருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீங்க புடிக்கச் சொன்னீங்கப்பா."

சென்னியப்பன் கிணற்று மேடையில் உட்கார்ந்துவிட்டார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தான் அழுதால் அவளும் அழுவாள், நிறுத்து என்றால் நிறுத்திவிடுவாள் என்று தோன்றியது. அந்த நினைப்பில் அழுகையும் நின்றுபோயிற்று. இருபத்தைந்து வருஷமாகத் தன் கையால் என்ன செய்திருக்கிறோம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அம்மா செங்கல் துண்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். சென்னியப்பன் அந்தப் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அந்தப் பாத்தி இனி அவ்வளவுதானுங்களா?"

"செடிக்கு ஒண்ணும் ஆகாது. அடுத்த மழைக்குப் புது இலை விடும். நீங்க கை வைக்காம இருந்தா, அதுல புள்ளியும் வரும்."

"இவளுக்குங்கம்மா?"

அம்மா தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தார்.

"அதை எதுக்கு என்கிட்ட கேக்குறீங்க மாஸ்டர்? பொண்ணு பக்கத்துலதானே நிக்கிறா."

சென்னியப்பன் மகளைப் பார்த்தார். அப்பா அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.