சாம்பலில் பறித்த இலை

வன ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் அம்சவேணி என்றொரு தற்காலிக உதவியாளர் இருந்தாள். செயற்கைக்கோள் படங்களில் காட்டின் பச்சையை மாதாமாதம் அளந்து, மரங்கள் மண்ணிலிருந்து எவ்வளவு தழைச்சத்து எடுக்கின்றன என்று கணக்குப் போடுவது அவள் வேலை. நிலையத் தலைவர் பொன்னுரங்கத்தின் அறிக்கையிலோ அந்த அளவு இரண்டு மடங்காக இருந்தது.

“மார்ச் மாசம் கரட்டுச் சரிவுல நானே ஏறி இலை பறிச்சு அளந்தது. நாளைக்கு ஆய்வுக்குழு வருது. உன் கணக்கு என்னோடதுக்கு ஒத்துப்போகணும், இல்லேன்னா வேலைக்கு வராதே” என்றார் அவர்.

“சரிங்க ஐயா.”

மறுநாள் குழுவின் முன் நின்றபோது அவள் குரல் பிசகவில்லை.

“ஐயா கணக்குல தப்பே இருக்காதுங்க. செயற்கைக்கோள்தான் எட்டத்துல இருந்து பாக்குது. அதுக்கு மார்ச் மாசம் அந்தச் சரிவுல வெறும் சாம்பல்தான் தெரிஞ்சிருக்கு” என்று படத்தைத் திரையில் போட்டாள். பிப்ரவரித் தீயில் எரிந்த சரிவு கன்னங்கரேலென்று கிடந்தது. காட்டுப் பக்கமே போகாத பொன்னுரங்கத்துக்கு அந்தத் தீ தெரிந்திருக்கவில்லை.

“எந்த மரத்துல பறிச்சீங்கன்னு ஐயா சொன்னா, என் கணக்கைத் திருத்திக்கிறேனுங்க.”

பொன்னுரங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

குழுத் தலைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, “நீங்க ஒண்ணும் திருத்த வேண்டாம்மா” என்றார். அறிக்கை அம்சவேணி போட்ட அதே கணக்கோடு, அவள் பெயரிலேயே அச்சானது.