முப்பத்தேழு கோப்புகள்

பேருந்து நேரங்களை இணையதளத்தில் ஏற்றித் தரும் சிறிய அலுவலகம் அது, திருச்சியில். ஐம்பத்து மூன்று வயதுக் குழந்தைசாமிக்கு அங்கே கணினி வேலை கற்றுக்கொடுத்தவள் இருபத்தேழு வயது மேகலா. அவளை அவர் டீச்சர் என்பார். முதலில் கிண்டலுக்குச் சொன்னது, பிறகு அதுவே பழகிவிட்டது.

அன்று மதியம் அவர் கேட்டார்.

"டீச்சர், எடிட்டர்ல முப்பத்தேழு பைல் திறந்து கிடக்கு. எது எங்க இருக்குன்னே தெரியலை. எப்படிச் சமாளிக்கிறது?"

மேகலா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒவ்வொண்ணா மூடுங்க சார். எதுக்குத் திறந்தீங்கன்னு சொல்லிட்டு மூடுங்க."

"நீங்களே மூடிடுங்களேன். உங்களுக்கு ரெண்டு நிமிஷம்."

"திறந்தது நீங்க."

அடுத்தவர் கீபோர்டை அவள் தொடவே மாட்டாள். குழந்தைசாமி ஆரம்பித்தார். துறையூர்ப் பட்டியல், எழுத்துப் பிழை பார்க்க. லால்குடி, அதுவும் அதற்குத்தான். அடுத்ததை எதற்குத் திறந்தார் என்று அவருக்கே நினைவில்லை.

"தெரியலைன்னு சொல்லிட்டே மூடுங்க."

ஒன்பது கோப்புகளுக்கு அதையே சொன்னார். காது சூடாகிவிட்டது மனிதருக்கு.

முப்பதாவது கோப்பு மூட மறுத்தது. மாற்றங்களைச் சேவ் செய்யவா என்று கேட்டது. அரியலூர்ப் பட்டியல். முதல் பஸ் 5.10 என்று அவரே அடித்திருந்தார். கை அப்படியே நின்றது.

அன்று காலை அந்த பஸ் ஐந்து பத்துக்கே போய்விட்டது. தளத்தில் ஐந்து நாற்பது என்ற பழைய நேரமே இருந்தது. அதை நம்பி வந்தவர்களில் ஒரு பெண் வேலைக்கான நேர்முகத் தேர்வையே தவறவிட்டாள். "நான் திருத்திட்டேன். ரிஸ்வானாதான் தளத்துல ஏத்தலை" என்று பத்து மணிக் கூட்டத்தில் அடித்துச் சொன்னவர் குழந்தைசாமி. சேவ் ஆன பட்டியல்களைத் தளத்தில் ஏற்றுவது ரிஸ்வானாவின் வேலை. திருத்தியது உண்மை. சேவ் கொடுக்கவில்லை. அவர் திரையில் மட்டும் இருந்ததை ரிஸ்வானா எங்கிருந்து எடுத்து ஏற்றுவாள்? அவளை வேலையை விட்டு நிறுத்துவதா என்று மாலையில் சொல்வதாக இருந்தார் முதலாளி. பக்கத்து அறையில் ரிஸ்வானா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

சேவ் வேண்டாம் என்று ஒரு தட்டுத் தட்டினால் போதும். யாருக்கும் தெரியாது. அப்படி நினைத்த மாத்திரத்தில் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. மேகலாவும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

"எதுக்குத் திறந்தீங்க?" என்றாள், மற்றவற்றுக்குக் கேட்ட அதே குரலில்.

"அரியலூர் நேரத்தைத் திருத்த."

"திருத்துனீங்களா?"

"சேவ் கொடுக்கலை டீச்சர்."

சொல்லும்போது அவரால் தலை நிமிர முடியவில்லை. சேவ் கொடுத்தார். மூடினார். மீதி ஏழையும் மூடினார். திரை காலியானது.

"அவ்வளவுதான். எல்லாம் மூடியாச்சு" என்றார். எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "ரிஸ்வானாவைத் தனியாக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுடறேன்."

"காலையில கூட்டத்துல எத்தனை பேர் இருந்தாங்க?"

அவர் விரல்விட்டு எண்ணினார்.

"என்னை விட்டுட்டு, முதலாளியையும் சேர்த்துப் பதினோரு பேர்."

"அப்ப இன்னும் பதினொண்ணு திறந்திருக்கு சார்."