மூடாத இலை

மருத நாட்டு மன்னர் திருமுடிராயருக்கு அன்று சோறு இறங்கவில்லை. மலைக்கொள்ளையர் எல்லைச் சந்தையில் தீ வைத்துவிட்டு, உப்பு வியாபாரிகளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒளிந்திருப்பதோ பக்கத்துக் குன்ற நாட்டு மலையில். அந்த நாட்டு அரசர் வச்சிரதேவருக்கு எல்லாம் தெரியும். ஆனால் ஆள் அனுப்பிக் கேட்டால், "மிகவும் வருந்துகிறோம், விசாரிக்கிறோம்" என்று வெற்றிலை பாக்கு கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார். வருந்துவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"உத்தரவு கொடுங்கள், மலையையே தரைமட்டம் ஆக்குகிறேன்!" என்று மீசையை முறுக்கினார் தளபதி கரிகண்டர்.

"நீர் மலையேறுவதற்குள் வியாபாரிகளின் கழுத்தை அறுத்துவிடுவார்கள்," என்றார் மன்னர். சபையில் கிண்டலுக்குப் பேர்போன நன்னையன் பக்கம் திரும்பினார். "படையும் போக வேண்டும், போரும் கூடாது. பிடிபட்டவர்கள் உயிரோடு வர வேண்டும். முடியாவிட்டால் இனி என் சபையில் வாய் திறக்காதே!"

வாய் திறக்காமல் நன்னையனால் இருக்க முடியுமா? "குன்ற நாட்டில் ஒரு வழக்கம் உண்டு, மன்னா. கடைசி விருந்தாளி இலையை மூடிய பிறகுதான் அரசர் சாப்பிடுவார்," என்றவன், தளபதியிடம் சொன்னான்: "நீங்கள் வாளை உருவக் கூடாது. இலையையும் மூடக் கூடாது."

"இதற்கா நான் மீசை வளர்த்தேன்?" என்றார் தளபதி.

மறுநாள் காலை, பழத்தட்டுகளோடு மருத நாட்டுப் படை குன்ற நாட்டு அரண்மனை வாசலில் நின்றது. "நட்பைக் கொண்டாட விருந்துக்கு வந்திருக்கிறோம்," என்று கும்பிட்டான் நன்னையன். வச்சிரதேவர் பழத்தட்டைப் பார்த்தார். இடுப்பில் தொங்கிய வாட்களையும் பார்த்தார். "வாருங்கள், வாருங்கள்," என்றார்.

இலை போட்டார்கள். வீரர்கள் எல்லாரும் சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள். தளபதி மட்டும் எழவில்லை.

"இன்னும் கொஞ்சம் ரசம்."

உச்சிவேளை தாண்டியது. வச்சிரதேவரின் வயிறு இரைவது கூடம் முழுக்கக் கேட்டது.

"தளபதியாரே, போதுமா?"

தளபதி தன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "விசாரிக்கிறேன்," என்றார்.

"மிகவும் வருந்துகிறோம், அரசே," என்றான் நன்னையன். "எங்கள் உப்பு வியாபாரிகளையும், அவர்களைப் பிடித்துக்கொண்டு போனவர்களையும் கண்ணால் பார்க்காமல் இவர் இலையை மூட மாட்டார்."

வச்சிரதேவர் பல்லைக் கடித்தார். பிறகு தன் குதிரைவீரர்களை மலைக்கு விரட்டினார். அவர்கள் யாரிடமும் வழி கேட்கவில்லை. வழக்கம்போல் அரண்மனையிலிருந்து அரிசி வந்திருக்கிறது என்று கொள்ளையரே சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்களாம்! பொழுது சாய்வதற்குள் கொள்ளையர் கட்டோடும், வியாபாரிகள் உயிரோடும் வந்து சேர்ந்தார்கள். தளபதி இலையை மூடினார்.

ஊர் திரும்பிய வியாபாரிகளைப் பார்த்ததும் திருமுடிராயருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஜெயித்தது என் படையா, உன் பேச்சா?" என்று கேட்டார்.

"என் வயிறு!" என்று முனகினார் தளபதி.

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி நன்னையன் கழுத்தில் போட்டார். "அருமையான வழக்கம்! நம் நாட்டிலும் இன்றே கொண்டுவருகிறேன்."

"வேண்டாம், மன்னா. அடுத்த வாரம் வச்சிரதேவர் இங்கே விருந்துக்கு வருகிறாராம்."

"வரட்டுமே!"

"படையோடு வருகிறாராம். இப்போதிருந்தே எல்லாரையும் பட்டினி போட்டிருக்கிறாராம்."