வாய் வைக்காத சுருக்குப் பை

நொய்யல் கரையில் ஒரு சின்ன மடம். அங்கே குருவாக இருந்த பூரணி அம்மாவுக்கு வயது முப்பத்தைந்துதான். சிஷ்யை தெய்வானைக்கு அறுபத்தொன்று. மகள் வயசுக்காரியைப் போய் அம்மா என்று கூப்பிடுவதா என்று ஆரம்பத்தில் அவளுக்கு நாக்குத் திரும்பவில்லை. ஒன்பது வருஷத்தில் அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது சும்மா இருப்பது ஒன்றுதான்.

மடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. தையல் கடைகளில் மிஞ்சும் வெட்டுத் துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அதில் தெய்வானை இரண்டு சாமான்கள் தைப்பாள். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு சுருக்குப் பை. பிள்ளைக்கு, ஒன்பது கட்டம் சேர்த்த ஒட்டுப் போர்வை. வியாழக்கிழமைதோறும் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுக்குப் போய்க் கட்டில் கட்டிலாகக் கொடுத்துவிட்டு வருவாள். மூட்டை தீர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. பிள்ளைகளும் பிறப்பதை நிறுத்துவதாக இல்லை.

அந்த வியாழக்கிழமை, ஜன்னலோரக் கட்டிலில் பிள்ளை பெற்றவளின் மாமியார் உட்கார்ந்திருந்தாள். போர்வையை ஏற இறங்கப் பார்த்தாள். தொடவில்லை.

"கண்டவங்க துணிய ஒட்டுப் போட்டதெல்லாம் எங்க கொழந்தைக்கு வேண்டாமுங்க."

நீட்டிய கையை உடனே மடக்க வேண்டும் என்று தெய்வானைக்குத் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். தோள்பட்டை வலித்த பிறகுதான் போர்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த கட்டிலில் ஒரு சின்னப் பெண். நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள், பையையும் போர்வையையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு தலையணைக்கு அடியில் கையை விட்டு ஒரு கற்கண்டுப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

"கக்கண்டுங்க. பாப்பா பொறந்ததுக்கு. எடுத்துக்குங்க."

"வேண்டாங் கண்ணு. குடுக்க வந்த எடத்துல வாங்கறதா? நீயே வெச்சுக்க."

ஒன்பது வருஷமாக எல்லாக் கட்டிலிலும் அவள் சொல்லும் பதில் இதுதான். அந்த வார்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டாள்.

மடத்துக்கு வந்ததும் நேரே குருவிடம் போனாள். பூரணி அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"நான் போறேனுங்கம்மா."

"எங்கீங்கக்கா?"

"தம்பி மகன் ஞாயித்துக்கெழம வர்றான். அவங்கூடப் போயி இருந்துக்கறேன்."

"என்னாச்சுங்க?"

"முடியலீங்கம்மா. ஊசி கோக்கக் கண்ணு தெரிய மாட்டேங்குது. கட்டைவெரலு மடங்க மாட்டேங்குது. குடுக்கக் குடுக்க மனசு நெறையும்னு சொன்னாங்க. எனக்கு அலுப்புத்தானுங்க நெறஞ்சு கெடக்குது. இத்தன வருசமும் வீணுங்களா? அத மட்டும் சொல்லீருங்க, நான் பேசாம கெளம்பீர்றேன்."

பூரணி அம்மா ஒரு மொச்சையை உரித்து முடித்தார்.

"போறதுக்கு முன்னால ஒரு பை தெச்சுட்டுப் போங்க."

"யாருக்குங்க?"

"உங்களுக்கு."

தெய்வானைக்கு எரிச்சல் வந்தது. கேட்டது ஒன்று, கிடைத்தது இன்னொரு பை. ஆனாலும் குரு சொன்னதைத் தட்டிப் பழக்கமில்லை. மூட்டையின் அடியில் துழாவி, யாருக்கும் ஆகாது என்று ஒதுக்கி வைத்திருந்த சாயம் போன துணியில் கால் மணி நேரத்தில் ஒரு பையை அடித்துக்கொண்டு வந்தாள். தையல் கோணலாக ஓடியிருந்தது.

பூரணி அம்மா அதை வாங்கிப் பார்த்தார்.

"இத வார்டுல ஒருத்தருக்குக் குடுப்பீங்களா?"

"சேச்சே. இத எப்பிடீங்க குடுக்கறது?"

"அப்ப வேற தைங்க."

மறுநாள் காலையில் தெய்வானை நல்ல துணியாகவே எடுத்தாள். கல்யாண ரவிக்கையில் மிஞ்சிய அரக்குப் பட்டு, ஓரத்தில் ஒரு விரல் ஜரிகை. கையில் எடுத்ததும் எந்தக் கட்டிலுக்குக் கொடுக்கலாம் என்றுதான் புத்தி போனது. தனக்கு என்று நினைக்கவே கூச்சமாக இருந்தது. நல்ல பக்கத்தை உள்ளே வைத்து மடித்து மிஷினில் கொடுத்தாள். எப்போதும் மூன்று பக்கம் அடித்துவிட்டு, நாலாவது பக்கத்தை வாய்க்கு விட்டு, அதன் வழியாகப் பையைத் திருப்பி வெளியே எடுப்பாள்.

பையைத் திருப்பக் கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது. போர்வைக் கட்டத்துக்கு அடிப்பது மாதிரி நாலு பக்கத்தையும் அடித்து மூடியிருந்தாள். பட்டும் ஜரிகையும் உள்ளே மாட்டிக்கொண்டன. வெளியே பிசிறும் நூலும்தான் தெரிந்தன.

ஆயிரம் பைகளுக்கு மேல் தைத்தவள். ஒன்றில்கூட இந்தத் தப்பு வந்ததில்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குருவிடம் போனாள்.

"வாய் வெக்க மறந்துட்டனுங்கம்மா. எனக்குன்னு தெச்சது, இப்பிடிப் போச்சு. பாத்தீங்கல்ல, கை அவ்வளவுதான். பிரிச்சுப் போட்டறட்டுங்களா?"

"இருங்க."

பூரணி அம்மா சின்னக் கத்திரியை எடுத்தார். ஒரு பக்கத்துத் தையலை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டினார். நல்ல இறுக்கமான தையல், அவருக்கு வெகு நேரம் பிடித்தது. பிறகு இரண்டு விரலை உள்ளே விட்டு இழுத்தார். பட்டு வெளியே வந்தது. நகத்தால் மூலைகளை நிமிர்த்தினார்.

மாடத்தில் ஒரு பொட்டலம் இருந்தது. அதை எடுத்துப் பைக்குள் போட்டார்.

"ஆஸ்பத்திரி ஆயா காலைல கொண்டாந்து குடுத்துட்டுப் போனாங்க. கக்கண்டு. நீங்க வாங்காமப் போயிட்டீங்கன்னு அந்தப் பொண்ணுக்கு மனசே ஆறலையாம்."

பையைத் தெய்வானையிடம் நீட்டினார்.

"அய்யோ, அது எதுக்குங்க? பச்ச ஒடம்புக்காரி. அவளே திங்கட்டும். திருப்பிக் குடுத்தனுப்பீருங்க."

பூரணி அம்மா நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"பட்டுப் பை வேற. இந்த வயசுல எனக்கெதுக்குங்கம்மா? வர்ற வியாழக்கெழம வார்டுல யாருக்காச்சும் ஆகுமுங்க."

கை அப்படியே இருந்தது.

தெய்வானை அந்தக் கையைப் பார்த்தாள்.

"வாங்கிக்குங்கக்கா," என்றார் பூரணி அம்மா. "நீட்டுன கை வலிக்குது."