பந்தியில் உட்கார முடியாதவர்

“தாயி, நான் கீழ எறங்கிக் கடைக்குப் போறேன். குடிக்கத்தான். சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்.”

பூதலிங்கம் தரையைப் பார்த்தபடி சொன்னார். ஐம்பதைத் தாண்டியவர். செண்பகத்தாய் அவரைவிட ரொம்பச் சின்னவள். ஆனாலும் அந்த மலைமடத்துக்கு அவள்தான் குரு.

குடியை விட வந்தவர்களுக்கு அங்கே கூட்டம்தான் மருந்து. தனியாக விட்டால் கால் தானாகக் கடைக்குப் போய்விடும் என்று அவள் போட்ட விதி. சேர்ந்து பாட்டு, சேர்ந்து பந்தி. குளிக்கப் போனாலும் வாலைப் பிடித்தாற்போல் ஒருவர் கூட வருவார்.

“குடி அவ்வளவு ருசிக்கோ, அண்ணாச்சி?”

“கசக்கும் தாயி. வாயில வைக்க முடியாது.”

“பெறவு?”

“குடிச்சாத்தான் நாலு பேருகூட இருக்க முடியுது. மூஞ்சியப் பாத்துப் பேச வருது. எல்லாரும் சிரிக்கும்போது சிரிக்க வருது. குடிக்கலேன்னா பந்தியில தட்டுச் சத்தம் காதுக்குள்ள ஊசியா ஏறுது. டாக்டர் இதுக்கு ஆட்டிசம்னு பேரு சொன்னாரு. பொறந்ததுல இருந்தே இருக்காம். பேரு தெரிஞ்சு என்ன, சத்தம் கொறையலயே.”

“குடிக்கும்போது சேக்காளிங்க நெறையவோ?”

“நெறைய. ஒருத்தனுக்கும் என்னையத் தெரியாது.”

சொல்லும்போதுதான் அவருக்கே உறைத்தது. இத்தனை வருஷம் கூட்டத்துக்கு நடுவே இருந்தும் ஒண்டிக்கட்டையாகத்தான் இருந்திருக்கிறார்.

சாப்பாட்டு மணி அடித்தது. அவர் காதைப் பொத்திக்கொண்டார். செண்பகத்தாய் எழுந்து உள்ளே போனாள். சரி, தன்னைக் கைகழுவிவிட்டாள் என்று அவர் செருப்பை மாட்டினார்.

அவள் இரண்டு இலைப் பொட்டலங்களோடு திரும்பி வந்தாள்.

“வாங்க.”

பந்தியை விட்டுக் குரு வெளியே போய் அந்த மடத்தில் யாரும் பார்த்ததில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை.

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அவரைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னாள். அவருக்கு முதுகு காட்டி, மலையைப் பார்த்துத் தானும் உட்கார்ந்தாள்.

என்ன சொல்லித் தடுக்கப் போகிறாளோ என்று அவர் காத்திருந்தார். அவள் பாட்டுக்குச் சாப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவரும் பொட்டலத்தைப் பிரித்தார்.

சாப்பிட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

“குடிக்காம ஒரு ஆளுகூட நிம்மதியா உக்காந்து சாப்பிட்டது இதான் மொதத் தடவ, தாயி.”

செண்பகத்தாய் திரும்பவில்லை.

“நானும் இன்னைக்குத்தான் ஒங்களப் பாக்கேன், அண்ணாச்சி.”